எட்டு ஓநாய்களும் ஒரு ஃபைட்டரும்

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். பேட்டையில் நண்பர்கள் நால்வரை வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டை ஆடுகிறீர்கள், நீங்கள்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவர். 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிகள், எல்லோரும் ஐந்தாம் லெவல். ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடும் நண்பர் சண்டை தொடங்கியதும் கான்ஜர் அனிமல்ஸ் என்ற மிருகங்களை வரவழைக்கும் மந்திரத்தைப் போட்டு எட்டு ஓநாய்களை இறக்கிவிடுகிறார். அப்புறம் ஃபைட்டர், அதாவது போர்வீரன், ஆடுகிறவருக்கு வேலையே இல்லை. ஒருவர் 2024 விதிக்கு மாறலாம் என்கிறார். இன்னொருவர், பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் இதையெல்லாம் சரிசெய்துவிட்டார்கள் என்கிறார். மூன்றாமவர், அங்கே வரவழைக்கும் மந்திரத்தைப் போட்டும் ஒன்றுதான் போடாமலும் ஒன்றுதான் என்கிறார். இவற்றில் எது சமநிலையாக இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: ஃபைட்டர் ஆடுகிறவர் போன வாரம் முழுக்க மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று. அந்த வரியில் இருப்பது வேறு கேள்வி. ஓநாய்களின் பலம் அதிகமா என்பது ஒன்று. ஓநாய்கள் மேசையில் எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகமா என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் மருந்து கிடைக்கும்.

நான் பாளையங்கோட்டையில் பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மேசை நடத்துகிறேன். பிழைப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் கீழே வரும் சராசரிகளை எல்லாம் நீங்களே ஒரு தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். அதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. எது ஆட்டத்துக்கு நல்லது என்று நான் சொல்லும் இடங்கள் என் மேசையின் அனுபவம், உங்கள் மேசையில் அது மாறலாம். என் ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்றாம் லெவலுக்கும் பத்தாம் லெவலுக்கும் நடுவிலேயே முடிந்திருக்கின்றன. அதற்கு மேல் லெவல்களைப் பற்றி நான் சொல்வதற்கு அந்த அளவுக்கு மட்டும் எடை கொடுங்கள்.

முதலில் கணக்கு. ஓநாய்க்கு ஏசி (அதன் மேல் அடி பட எட்ட வேண்டிய எண்) 13, எச்பி (உயிர்ப் புள்ளி) 11, அடிக்க டைஸோடு கூட்டுவது +4, பட்டால் டேமேஜ் 2டி4+2 (நாலு முக டைஸ் இரண்டு போட்டு 2 கூட்டுவது), அதாவது சராசரி 7. எதிரிக்குப் பக்கத்தில் கூட்டாளி ஒருவர் நின்றால் பேக் டாக்டிக்ஸ் என்ற ஓநாய்த் திறன் வழியாக அட்வான்டேஜ் கிடைக்கும், அதாவது டைஸை இரண்டு தடவை போட்டுப் பெரியதை எடுக்கலாம். எட்டு ஓநாய் சேர்ந்து பாயும்போது அது கிடைக்காமல் போவதே இல்லை. எதிரியின் ஏசி 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டி20 (இருபது முக டைஸ்) போட்டால் 11 விழ வேண்டும், பாதிக்குப் பாதி. இரண்டு போட்டுப் பெரியதை எடுத்தால் நூற்றுக்கு 75. டேமேஜ் டைஸை இரட்டிக்கும் கிரிட்டிக்கலையும் சேர்த்துக்கொண்டால் ஒரு ஓநாய் ஒரு சுற்றுக்குச் சராசரி 5.7 டேமேஜ் தரும், எட்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 46. இப்போது உங்கள் ஃபைட்டரைப் பார்ப்போம். ஐந்தாம் லெவல், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்ஸ்வோர்ட், இரண்டு அடி, +7. அதே ஏசி 15-ல் ஒவ்வொரு அடியும் நூற்றுக்கு 65 படும்; சுற்றுக்குச் சராசரி 15. ஆக, ஒரு மூன்றாம் லெவல் ஸ்லாட் (மந்திரம் போட இருக்கும் எண்ணிக்கையில் ஒன்று) மூன்று ஃபைட்டர்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அடுத்த சுற்றிலிருந்து ட்ரூயிட்டின் சொந்த ஆக்‌ஷனும் மிச்சம். வாயால் ஏவினால் போதும், ஓநாய்களுக்குத் தனியாக ஒரு செலவும் கிடையாது.

இந்த 46-ஐப் பார்த்துப் பலரும் மந்திரத்தையே தடை செய்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மனித அளவுள்ள எதிரியைச் சுற்றி இருப்பது எட்டுக் கட்டம்தான். எட்டையும் ஓநாய்கள் பிடித்துக்கொண்டால் ஃபைட்டருக்கு நிற்க இடமில்லை. சுவர், தூண், கதவு, கூட்டாளிகள் எல்லாம் போக ஒரு சுற்றில் கடிக்க வாய்ப்புக் கிடைப்பது என் மேசையில் நாலைந்து ஓநாய்க்குத்தான். ஐந்து என்றால் சுற்றுக்கு 29-க்குக் கொஞ்சம் குறைவு, மூன்று சுற்றுக்கு 86. அதே ஸ்லாட்டில் விஸார்ட் (மந்திரவாதி) ஒரு ஃபயர்பால் (தீப்பந்து மந்திரம்) போடுகிறார் என்று வையுங்கள். 8டி6, சராசரி 28. நாலு எதிரிகள் மேல் விழுந்து, பத்துக்கு நாலு தடவை சேவ் ஆகிறது (தப்பிக்க டைஸ் போட்டுப் பாதி டேமேஜோடு தப்புவது) என்றால் மொத்தம் 90 வரும். ஃபயர்பாலைப் பற்றி ஃபைட்டர் ஆடுகிறவர்கள் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அது ஒரே மூச்சில் முடிந்து, டைஸ் அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது.

ஓநாய்களுக்குச் சாதகமாக இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது, அவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மந்திரம் ஒரு மணி நேரம் நிற்கும், கான்சன்ட்ரேஷன், அதாவது போட்டவரின் கவனம், உடையாத வரைக்கும்; ஒரே குகைக்குள் இரண்டு மூன்று சண்டைக்கு அதே ஓநாய்கள் வரலாம். அடுத்தது, அவற்றின் மொத்த எச்பி 88. எதிரியின் ஒவ்வொரு அடியும் ஓநாய் மேல் விழும்போது உங்கள் ஆட்கள் மேல் விழவில்லை. சுற்றுக்கு இரண்டு அடி மட்டுமே உள்ள ஒற்றைப் பெரிய எதிரிக்கு எட்டு ஓநாயையும் தீர்க்க நாலு சுற்று வேண்டும், அதற்குள் அவன் கதையே முடிந்திருக்கும். அதற்கு நேரெதிராக, எதிரிப் பக்கம் ஒரு மந்திரவாதி இருந்து ஃபயர்பால் போட்டால், ஓநாய் சேவ் ஆனாலும் சராசரியில் பாதி 14, எச்பி 11. எட்டும் ஒரே நொடியில் காலி. ஒரே மந்திரம் ஒரு சண்டையில் யானை பலம், இன்னொன்றில் வெறும் புகை. இப்படி ஆடும் ஒன்றை ஒரே எண்ணில் அளந்துவிட முடியாது. ஓநாய்களைக் கொல்வதற்காகவே ஒவ்வொரு சண்டையிலும் ஒரு ஃபயர்பால் மந்திரவாதியை வைக்காதீர்கள். ட்ரூயிட் ஆடுகிறவர் அதை இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடுவார், அது அவரைத் தண்டிப்பது போல ஆகும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். எங்கள் மேசையில் முதன்முதலில் எட்டு ஓநாய் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மினி என்கிற சின்ன பொம்மைகள் எல்லாம் வாங்கும் வசதி அப்போது இல்லை. எட்டுப் புளியங்கொட்டையை எடுத்து ஒயிட்னரால் ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு, மொட்டை மாடியில் விரித்த கட்டம் போட்ட சார்ட்டில் வைத்தோம். ட்ரூயிட் ஆடிய பையன் ஒவ்வொரு கொட்டையாக நகர்த்தினான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டி20, பட்டால் இரண்டு டி4, பட்டவன் கீழே விழுகிறானா என்று நான் ஒரு சேவ். எண்ணிப் பாருங்கள்: பதினாறு டி20, ஆறு கடி பட்டால் பன்னிரண்டு டி4, என் பக்கம் ஆறு சேவ், இவ்வளவும் ஒரு ஆளின் ஒரு டர்னுக்கு. மூன்றாவது கொட்டையின்போது ஃபைட்டர் ஆடியவர் எழுந்தார். “அண்ணே, என் டர்ன் வாரதுக்குள்ள கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். திரும்பி வந்தபோது கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது, நாங்கள் ஆறாவது கொட்டையில் நின்றிருந்தோம். அவர் கோபப்படவில்லை. அடுத்த வாரம் வரவில்லை, அவ்வளவுதான். போன் செய்து பேசி, அதற்கடுத்த வாரம் கூட்டி வந்தேன். வரவழைப்பின் சமநிலையைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அந்தப் போனுக்குப் பிறகுதான்.

ஐந்தாம் பதிப்பில் இது ஏன் இப்படி அமைந்தது என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. இந்தப் பதிப்பில் லெவல் ஏற ஏற ஏசி அதிகம் ஏறாது. எண்களை ஒரு வரம்புக்குள் கட்டிவைத்தார்கள். இதனால் சின்ன மிருகத்தின் +4 எங்கேயும் செல்லுபடியாகிறது, எண்ணிக்கையே பலமாகிவிடுகிறது. கான்ஜர் அனிமல்ஸில் நாலு வழி இருக்கிறது: சாலஞ்ச் ரேட்டிங் (மிருகத்தின் பலத்தை அளக்கும் எண்) 2 உள்ள மிருகம் ஒன்று, 1 உள்ளது இரண்டு, அரை உள்ளது நாலு, கால் உள்ளது எட்டு. நாலும் சமம் என்று புத்தகம் வைத்திருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அதே ஏசி 15 எதிரிக்கு ஒரு போலார் பேர் சுற்றுக்கு 14.5 தரும், இரண்டு டயர் வுல்ஃப் (பெரிய ஓநாய்) சேர்ந்து 17 தரும், எட்டு ஓநாய் தாளில் 46. முதல் இரண்டு வழியும் ஒரு ஃபைட்டருக்கு ஈடு, நியாயமாகவே இருக்கின்றன. கடைசி வழியில்தான் ஓட்டை. ஐந்தாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் அது பதினாறாகும், ஏழாம் லெவலில் இருபத்துநாலு. நாலாம் லெவல் மந்திரமான கான்ஜர் உட்லேண்ட் பீயிங்ஸ் இன்னும் மோசம்: அதில் எட்டுப் பிக்ஸி (குட்டித் தேவதை) வரலாம், ஒவ்வொரு பிக்ஸியும் ஒரு தடவை பாலிமார்ஃப் என்ற உருமாற்று மந்திரம் போடும். ஏழாம் லெவல் ஆட்கள் எல்லோரும் ஆளுக்கு 157 எச்பி உள்ள ராட்சதக் குரங்குகளாக மாறி நிற்பார்கள். இதை டிஎம் அனுமதிக்கலாமா என்று விவாதிக்க வேண்டியதில்லை, அனுமதித்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இங்கே ஒரு விதி விளக்கம் உங்களுக்கு உதவும். எத்தனை மிருகம் என்ற வழியைத் தேர்ந்தெடுப்பது ஆட்டக்காரர். எந்த மிருகம் வரும் என்று முடிவெடுப்பது டிஎம். வெளியீட்டாளரின் அதிகாரபூர்வ விளக்கம் இதுதான். ஆக, எட்டு என்று அவர் கேட்டால் எட்டு ஓநாய்தான் வர வேண்டும் என்பதில்லை, எட்டு மானும் வரலாம். விதிப்படி இது உறுதி. நல்ல வழியா என்றால் எனக்கு அவ்வளவு சம்மதமில்லை. ஆசையாக மந்திரம் போட்டவர் கையில் மானைக் கொடுத்தால் அந்த ஏமாற்றம் முகத்தில் தெரியும். பிக்ஸி மாதிரி இடத்தில் இந்த விதியைப் பயன்படுத்துங்கள், ஓநாய் கேட்டவரிடம் வேண்டாம்.

2020-ல் ஐந்தாம் பதிப்புக்குக் கூடுதல் விதிகளோடு வந்த டாஷாவின் புத்தகம் வேறு பாதையில் போனது. அதில் வரும் சம்மன் பீஸ்ட் போன்ற மந்திரங்கள் ஒரே ஒரு உருவத்தை மட்டும் வரவழைக்கும். அதன் எண்கள் மந்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும், ஸ்லாட்டோடு சேர்ந்து ஏறும், உங்கள் டர்ன் முடிந்ததும் அதன் டர்ன். மிருகங்களின் எண்கள் உள்ள மான்ஸ்டர் மேனுவலைப் புரட்ட வேண்டியதில்லை. மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் நிலத்து மிருகத்துக்கு ஏசி 14, எச்பி 35, ஒரே அடி, 1டி8+7. பேக் டாக்டிக்ஸோடு சுற்றுக்குச் சராசரி 10.5. ஃபைட்டரைவிடக் குறைவு, ட்ரூயிட்டின் சொந்த டர்னோடு சேர்த்தால் சரியான அளவு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அடிகளின் எண்ணிக்கை ஸ்லாட்டில் பாதி, மிச்சத்தை விட்டுவிட வேண்டும். இரண்டாம் லெவலிலும் ஒரு அடி, மூன்றாம் லெவலிலும் ஒரு அடி, நாலாம் லெவலில்தான் இரண்டு. மூன்றாம் லெவல் ஸ்லாட்டைச் சம்மன் பீஸ்டில் போடுவது லாபமில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் நண்பர் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு மந்திரமே மட்டம் என்று முடிவுகட்டிவிடுவார். இருநூறு தங்க நாணயம் மதிப்புள்ள பொருள் ஒன்றும் முதலில் வாங்கி வைக்க வேண்டும், அதையும் கதைக்குள் கொண்டுவாருங்கள்.

2024 விதியில் கான்ஜர் அனிமல்ஸ் என்ற பெயர் மட்டும்தான் பழையது. தனித்தனி மிருகங்கள் இல்லை. ஆவி வடிவில் ஒரு கூட்டம் வந்து ஒரு இடத்தில் நிற்கும், பத்தடிக்குள் அகப்பட்டவர் டெக்ஸ்டெரிட்டி சேவ் எடுக்க வேண்டும், தவறினால் 3டி10. நீங்கள் நடக்கும்போது அதையும் நகர்த்தலாம். உங்கள் ட்ரூயிட்டின் சேவ் எண் 15, எதிரிக்கு +2 என்றால் ஒரு தடவைக்கு ஒரு எதிரிக்குச் சராசரி 10 விழும். பலமும் அளவோடு இருக்கிறது, நேரமும் மிச்சம். ஆனால் என் மேசையில் ட்ரூயிட் ஆடுகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை, எனக்கும் பிடிக்கவில்லை. ஓநாய்க்குப் பெயர் வைக்க முடியாது, கதவுக்குக் காவல் நிறுத்த முடியாது, மோப்பம் பிடிக்கச் சொல்ல முடியாது. வரவழைப்பு என்று பெயர் வைத்த வெறும் டேமேஜ் அது. மிருகங்கள் மேல் ஆசை வைத்து ட்ரூயிட் எடுத்தவரிடம் இதைக் கொடுத்தால், இலை போட்டு வெறும் ரசம் மட்டும் ஊற்றியது போலிருக்கும். டாஷாவின் வகை மந்திரங்கள் 2024 புத்தகத்திலும் இருக்கின்றன என்பதால் அங்கே போனாலும் நான் அவற்றைத்தான் எடுப்பேன்.

பாத்ஃபைண்டரைப் பற்றி உங்கள் நண்பர்கள் இரண்டு பேரும் சொன்னது பாதிப் பாதி சரி. 2000-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பிலும், 2009-ல் அதிலிருந்து கிளைத்த முதல் பாத்ஃபைண்டரிலும் வரவழைக்கும் மந்திரத்தைப் போட ஒரு முழுச் சுற்று ஆகும். இந்த டர்னில் தொடங்கினால் அடுத்த டர்ன் வரும்போதுதான் மிருகம் வந்து நிற்கும். நடுவில் அடி வாங்கினால் மந்திரம் கலையலாம். வந்தபிறகும் லெவலுக்கு ஒரு சுற்றுதான், ஐந்தாம் லெவலில் ஐந்து சுற்று. இது நல்ல விலை. அந்த விலையைச் சம்மனர் (வரவழைப்பவர்) என்ற கிளாஸுக்கு, அதாவது பாத்திர வகைக்கு, தள்ளுபடி செய்தபோது ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. 2015-ல் அந்தக் கிளாஸைத் திருத்தி எழுதினார்கள்.

2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில் விலையை இரண்டு இடத்தில் வாங்குகிறார்கள். ஒரு டர்னுக்கு உங்களுக்குள்ள மூன்று ஆக்‌ஷனும் மந்திரம் போடவே போய்விடும். அப்புறம் ஒவ்வொரு டர்னும் ஒரு ஆக்‌ஷன் கொடுத்து அதைத் தாங்கிப் பிடித்தால்தான் மிருகத்துக்கு இரண்டு ஆக்‌ஷன். இது நியாயம் என்றே நினைக்கிறேன். மூன்றாமவர் சொல்லும் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பதிப்பில் லெவல் எல்லா எண்ணிலும் ஏறும். வரும் மிருகமோ உங்களைவிட மூன்று நாலு லெவல் கீழே. ஐந்தாம் லெவலில் மூன்றாம் ரேங்க் (மந்திரத்தின் படிநிலை) போட்டால் இரண்டாம் லெவல் மிருகம்தான் வரும். எதிரி ஏழாம் லெவல் தலைவன் என்றால், விதிப்புத்தகம் அந்தந்த லெவலுக்குச் சொல்லும் எண்களை வைத்துப் பார்க்கும்போது மிருகம் தொட 14-ஐ ஒட்டி விழ வேண்டும், தலைவன் திருப்பி அடித்தால் இரண்டில் ஒன்று கிரிட்டிக்கல். டேமேஜை எதிர்பார்த்துப் போட்டால் ஏமாற்றம்தான். ஆனால் எதிரிக்குப் பின்னால் போய் நின்று ஃபைட்டருக்கு ஃபிளாங்க் (எதிரியை இருபுறமும் மடக்கும் சாதகம்) கொடுப்பது, வாசலை அடைப்பது, தலைவனின் ஒன்றிரண்டு ஆக்‌ஷனைத் தன் மேல் வாங்கிக்கொள்வது, இதற்கெல்லாம் அந்த மிருகம் தாராளமாகப் போதும். அங்கே ஃபைட்டர்தான் நாயகன், மிருகம் கைத்தடி. உங்கள் மேசையின் பிரச்சினைக்கு அது நல்ல பதில்தான், ஆனால் இதற்காக மட்டும் எல்லோரும் புது விதிப்புத்தகம் படிக்க வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன்.

விலை என்று சொன்னேன். இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் மேசையில் ஆடும் களக்காடு பக்கத்து ஊர்க்காரர். நம் பக்கத்தில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா பார்த்து வளர்ந்தவர். ஒருநாள் ட்ரூயிட் பையன் சட்டென்று எட்டு ஓநாயை இறக்கியபோது அவர் கேட்டார்: “வில்லுக்காரரு கதை பாடி, குடம் அடிச்சு, வரத்து பாடாம சாமி வருதா? ஒனக்கு மட்டும் எப்படிடே கையைத் தட்டுனதும் வருது?” அன்று ஆட்டம் முடிந்தபின் நெடுநேரம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கொடையில் அழைப்பதற்கு நேரம் ஆகிறது, ஊரே காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பில்தான் உடம்பு சிலிர்க்கிறது. வருகிற சாமியும் கூடுதலாக ஒரு ஆளாக வருவதில்லை. சாமியாடும் கோமரத்தாடியின் உடம்பில்தான் வருகிறது, ஆடி முடித்தபின் களைத்து விழுவதும் அந்த உடம்புதான். அழைப்பதும் தாங்குவதும் சும்மா இல்லை. (ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் ஊர்த் தெய்வங்களின் பெயரை நாங்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவருவதில்லை. கும்பிடுகிறவர்கள் மேசையிலேயே இருக்கிறார்கள்.)

அதிலிருந்து எங்கள் மேசைக்கு ஒரு விதி பிறந்தது. நாலு உயிருக்கு மேல் வரவழைக்கும் எந்த மந்திரமும் பழைய பதிப்பு மாதிரி ஒரு முழுச் சுற்று எடுக்கும். ட்ரூயிட் தன் டர்னில் அழைக்கத் தொடங்குகிறார், கான்சன்ட்ரேஷன் அப்போதே தொடங்கிவிடும், அடுத்த டர்ன் தொடக்கத்தில்தான் வரும். நடுவில் அடி விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ்: 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது பெரியதோ அது. இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்த ஒரு சுற்று முழுக்க மற்றவர்கள் ட்ரூயிட்டைச் சுற்றி நின்று காப்பாற்றத் தொடங்கினார்கள். ஃபைட்டர் ஆடுகிறவர் முன்னால் போய் நின்று, “இவனைத் தாண்டித்தான் போகணும்” என்றார். வரவழைப்பு ஒரு ஆளின் டர்னாக இல்லாமல் எல்லோருடைய வேலையாக மாறிவிட்டது. ஆறேழு மாதம் இதை வைத்து ஆடினோம். ஓநாய்கள் வந்த சண்டைகள் குறைந்தன, வந்தபோது கிடைத்த மகிழ்ச்சி கூடியது. உங்கள் மேசையிலும் அப்படித்தான் ஆகும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சண்டைகள் இரண்டே சுற்றில் முடியும் மேசை என்றால் இந்த விதி மந்திரத்தைக் கொன்றுவிடும்.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்புக்கு 2021-ல் வந்த சம்மனரையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை நான் பார்த்ததில் இதுவே அழகான தீர்வு. சம்மனருக்கும் அவரோடு வரும் ஐடலன் என்ற துணை உருவத்துக்கும் எச்பி ஒன்றே, ஆக்‌ஷனும் பகிர்ந்துகொள்வதே. உடம்பு இரண்டு, உயிர் ஒன்று. இருவரும் ஒரே தீக்குள் அகப்பட்டால் இரண்டு பேருக்கும் கணக்குப் பார்த்து, அதிகமான டேமேஜ் எதுவோ அதை மட்டும் பொது எச்பியில் கழிப்பார்கள். மேசையில் கூடுதலாக ஒரு டர்ன் வருவதே இல்லை. மிருகத்தோடு பேசி, சண்டைபோட்டு, கோபித்துக்கொண்டு ஆட விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

சரி, இந்த வாரத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது. விதியை மாற்ற வேண்டாம், பதிப்பையும் மாற்ற வேண்டாம். முதலில், எட்டு ஓநாய் வந்தே தீரும் என்றால் டிஎம் கைடில் இருக்கும் கூட்டத் தாக்குதல் பட்டியலைப் பயன்படுத்துங்கள். அடிக்க 6 முதல் 12 வரை விழ வேண்டும் என்றால் இரண்டு பேருக்கு ஒருவர் அடித்ததாகக் கணக்கு. உங்கள் கணக்கில் 11, ஆகவே எட்டில் நாலு கடி, ஒவ்வொன்றும் 7, மொத்தம் 28. ஒரு டைஸ்கூடப் போட வேண்டியதில்லை, எண்ணும் நான் மேலே சொன்ன ஐந்து ஓநாய்க் கணக்குக்குப் பக்கத்திலேயே வருகிறது. கீழே விழுகிறானா என்பதற்கு மட்டும் ஒரே ஒரு சேவ் போடுங்கள்.

அடுத்து, ட்ரூயிட் ஆடுகிறவரிடம் ஆட்டத்துக்கு முன்னால் தனியாகப் பேசுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம், குற்றம் சொல்வதுபோல் ஆகும்; அவர் விதிப்படிதான் ஆடுகிறார். இரண்டு டயர் வுல்ஃப் கேட்டால் இரண்டையும் நீங்களே தருவதாகச் சொல்லுங்கள். டேமேஜ் குறையும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் எச்பி 37, சராசரி ஃபயர்பாலைத் தாங்கி நிற்கும். இரண்டுதான் என்பதால் பெயர் வைக்கலாம், குணம் வைக்கலாம். கடி பட்டவன் ஸ்ட்ரெங்த் சேவில் 13 எடுக்காவிட்டால் கீழே விழுவான், விழுந்தவன் மேல் பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ். உங்கள் ஃபைட்டரின் சராசரி 15 அப்போது கிட்டத்தட்ட 21 ஆகிறது. ஓநாய்களின் டர்ன் ஃபைட்டர் டர்னுக்குச் சற்று முன்னால் வரும்படி வையுங்கள், நடுவில் எதிரி எழுந்துவிடாமல் இருக்க. அப்புறம் ஒன்று: ஓநாய்களை எங்கே அனுப்புவது என்று ட்ரூயிட் சொல்லட்டும், டைஸை ஃபைட்டர் ஆடுகிறவர் கையில் கொடுங்கள். எங்கள் மேசையில் அன்று டீ குடிக்கக் கீழே போனவர் இன்றைக்கும் ஓநாய்க்கு டைஸ் போடுகிறார். அந்தப் புளியங்கொட்டைகளில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டவற்றை அவரே வைத்திருக்கிறார், சட்டைப் பையில்.